மது ஒரு மந்தமூட்டி: பதின்ம வயதினரிடம் அதன் விளைவுகள்

மது என்பது எத்தனால் என்னும் வேதிப்பொருளைக் கொண்ட பானங்களின் பொதுப்பெயர் ஆகும். கள், சாராயம், பீர், ஒயின், பிராந்தி, விஸ்கி, ரம், ஓட்கா ஆகிய அனைத்திலும் போதை தரும் பொருள் இந்த எத்தனாலே. மருந்தியல் வகைப்பாட்டில் இது மைய நரம்பு மண்டலத்தை மந்தப்படுத்தும் பொருள்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. தூக்க மாத்திரைகளும் அறுவை சிகிச்சையின்போது தரப்படும் மயக்க மருந்துகள் பலவும் இதே வகையைச் சேர்ந்தவை.

குடித்தவர் உரக்கப் பேசுகிறார், ஆடுகிறார், பாடுகிறார், சண்டைக்குப் போகிறார். இதைப் பார்ப்பவர்களுக்கு மது ஓர் ஊக்கப்பொருள் என்றே தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது. இந்த முரண்பாடு ஏன் ஏற்படுகிறது என்பதையும், பதின்ம வயதினருக்கு (13 முதல் 19 வயது வரை) அது ஏன் கூடுதல் ஆபத்தாகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொல் விளக்கம்

ஆங்கிலப் பாடநூல்களில் மதுவை 'டிப்ரசன்ட்' என்று குறிப்பிடுவர். இச்சொல்லைப் பார்க்கும் மாணவர் பலர், 'டிப்ரஷன்' எனப்படும் மனச்சோர்வு நோயைத் தரும் பொருள் என்று இதற்குப் பொருள் கொள்கின்றனர். இங்கு அப்பொருள் இல்லை. நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வேகத்தையும் அளவையும் குறைக்கும் பொருள் என்பதே இதன் பொருள். தமிழில் இதனை மந்தமூட்டி என்று கூறலாம். காபியில் உள்ள காஃபீன், புகையிலையில் உள்ள நிகோட்டின் போன்றவை இதற்கு எதிர் வகையான ஊக்கிகள் ஆகும்.

மது மனச்சோர்வையும் தூண்டக்கூடும் என்பது வேறொரு செய்தி. அது பின்னர் தனியே கூறப்பட்டுள்ளது.

மது உருவாகும் விதம்

சர்க்கரை உள்ள திரவத்தில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரி வளரும்போது, அது சர்க்கரையை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. இதற்கு நொதித்தல் என்று பெயர். பனை மரத்தில் இறக்கும் பதநீரும் கள்ளும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாளையில் இருந்து வடிவது ஒரே இனிப்பு நீர்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் ஈஸ்ட் வளர முடியாது. அது பதநீராகவே இருக்கும். சுண்ணாம்பு தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும்.

நொதித்தலால் மட்டும் கிடைக்கும் பானங்களில் எத்தனாலின் அளவு குறைவு. பொதுவாகக் கள்ளிலும் சாதாரண பீரிலும் சுமார் 5 விழுக்காடும், ஒயினில் சுமார் 12 விழுக்காடும் இருக்கும். நொதித்த திரவத்தைக் காய்ச்சி வடித்தால் செறிவு மிகும். இந்தியாவில் விற்கப்படும் பிராந்தி, விஸ்கி, ரம் போன்றவற்றில் பொதுவாக 42.8 விழுக்காடு எத்தனால் உள்ளது.

எவ்வளவு குடித்தால் எவ்வளவு எத்தனால் உள்ளே போகிறது என்பதைக் கணக்கிட, ஒரு மில்லி லிட்டர் எத்தனாலின் எடை சுமார் 0.79 கிராம் என்பது தெரிந்தால் போதும்.

- 650 மி.லி. சாதாரண பீர் (5 விழுக்காடு): சுமார் 26 கிராம்
- 650 மி.லி. கடும் பீர் (8 விழுக்காடு): சுமார் 41 கிராம்
- 180 மி.லி. பிராந்தி, அதாவது ஒரு 'குவார்ட்டர்' (42.8 விழுக்காடு): சுமார் 61 கிராம்

உலக சுகாதார அமைப்பு 10 கிராம் எத்தனாலை ஒரு 'திட்ட அளவு' எனக் கொள்கிறது. அக்கணக்கில் ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவுகளுக்குச் சமம். கடும் பீர் ஒரு புட்டி என்பது நான்கு அளவுகளுக்குச் சமம். "பீர்தானே" என்று சொல்லிக் கடப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உடலுக்குள் மது செல்லும் வழி

சோறு, பருப்பு போன்ற உணவுகள் செரித்த பின்னரே இரத்தத்தில் கலக்கின்றன. மதுவுக்குச் செரிமானம் தேவையில்லை. அதன் மூலக்கூறு மிகச் சிறியது. நீரில் எளிதில் கலப்பது. ஒரு சிறு பகுதி இரைப்பையிலும், பெரும்பகுதி சிறுகுடலிலும் நேரடியாக இரத்தத்தில் சேர்கிறது. வயிறு காலியாக இருந்தால் மது விரைவில் சிறுகுடலை அடையும். போதையும் விரைவாக ஏறும். வயிற்றில் உணவு இருந்தால் சற்றுத் தாமதமாகும். தாமதமாகுமே தவிர, குடித்த மது எங்கும் போய்விடாது.

இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு உண்டு. பல நச்சுப்பொருள்களை அது உள்ளே விடாது. எத்தனால் அத்தடுப்பை எளிதாகக் கடந்து விடுகிறது.

மதுவை வெளியேற்றும் பணியில் பெரும்பங்கு கல்லீரலுடையது. அங்குள்ள ஒரு நொதி எத்தனாலை அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. மற்றொரு நொதி அதனைத் தீங்கற்ற அசிட்டேட்டாக மாற்றுகிறது. இந்த வேலை ஏறக்குறைய ஒரே சீரான வேகத்தில்தான் நடக்கும். நிறையக் குடித்துவிட்டோம் என்பதற்காகக் கல்லீரல் வேகமாக வேலை செய்யாது. 100 மி.லி. இரத்தத்தில் உள்ள மதுவின் அளவு மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆளுக்கு ஆள் இது சற்று மாறுபடும்.

மூளையில் நிகழ்வது என்ன?

நரம்புச் செல்கள் ஒன்றுடன் ஒன்று நரம்புணர்வு கடத்திகள் எனப்படும் வேதிப்பொருள்கள் மூலம் பேசிக்கொள்கின்றன. இவற்றுள் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் மதுவின் செயல் விளங்கும்.

முதலாவது காபா. இது மூளையின் 'பிரேக்' போன்றது. காபா தனது ஏற்பியில் சென்று சேர்ந்தால் அந்த நரம்புச் செல் அமைதியடைகிறது. இரண்டாவது குளூட்டமேட். இது 'ஆக்சிலேட்டர்' போன்றது. இது சேரும் நரம்புச் செல் தூண்டப்படுகிறது.

மது, காபாவின் செயலை மிகைப்படுத்துகிறது. குளூட்டமேட்டின் செயலைக் குறைக்கிறது. அதாவது பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்சிலேட்டரையும் விட்டுவிடுவது போன்ற நிலை. இதனால் மூளையின் வேலை மொத்தமாகவே மந்தமாகிறது. இதோடு டோபமைன் என்னும் மற்றொரு வேதிப்பொருளையும் மது சுரக்கச் செய்கிறது. 'நன்றாக இருக்கிறது, மீண்டும் செய்' என்று மூளைக்குக் கற்றுத் தருவது இந்த டோபமைன்தான்.

ஊக்கப்பொருள் போலத் தோன்றுவது ஏன்?

மது மூளையின் எல்லாப் பகுதிகளையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் பாதிப்பதில்லை. குறைந்த அளவிலேயே முதலில் தளர்வது நெற்றிக்குப் பின்புறம் உள்ள முன்மூளைப் பகுதி. நல்லது கெட்டது எடைபோடுவது, வாயில் வந்ததைச் சொல்லாமல் அடக்குவது, விளைவை முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பது ஆகியவை இப்பகுதியின் வேலைகள்.

ஒரு வகுப்பில் ஆசிரியர் தூங்கிவிட்டால் என்ன ஆகும்? கூச்சல் எழும். அந்தக் கூச்சலுக்குக் காரணம் மாணவருக்குப் புதிதாக வந்த சக்தி அன்று. கட்டுப்படுத்துபவர் இல்லாமல் போனதே. மது அருந்தியவரின் 'உற்சாகமும்' அவ்வாறானதே. கூச்சம் போனது, பயம் போனது என்று அவர் நினைக்கிறார். உண்மையில் கூச்சத்தையும் பயத்தையும் தரும் பகுதி மந்தமாகிவிட்டது.

அளவு கூடக் கூட மந்தநிலை மற்றப் பகுதிகளுக்கும் பரவுகிறது. 100 மி.லி. இரத்தத்தில் உள்ள மதுவின் அளவைக் கொண்டு இதனைத் தோராயமாக இவ்வாறு வகுக்கலாம்.

- 20 முதல் 50 மி.கி.: மனநிலை மாற்றம், கட்டுப்பாடு தளர்தல், கவனம் சிதறுதல்
- 50 முதல் 100 மி.கி.: தீர்மானிக்கும் திறன் குறைதல், எதிர்வினை தாமதமாதல், பேச்சு குழறத் தொடங்குதல்
- 100 முதல் 200 மி.கி.: சிறுமூளை பாதிக்கப்படுவதால் தள்ளாட்டம், வாந்தி, நினைவு பதியாமை
- 200 முதல் 300 மி.கி.: குழப்பம், எழுந்து நிற்க இயலாமை, அரை மயக்கம்
- 300 மி.கி.க்கு மேல்: முழு மயக்கம், முகுளம் மந்தமாகி மூச்சு நின்று இறக்கும் ஆபத்து

குடிப் பழக்கம் இல்லாதவர்களிடமும் சிறுவர்களிடமும் இதைவிடக் குறைந்த அளவிலேயே கடும் விளைவுகள் ஏற்படலாம்.

முகுளம் என்பது மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும் பகுதி. ஆக, கூச்சம் போவதில் தொடங்கி மூச்சு போவதில் முடியும் இந்த வரிசை முழுவதும் ஒரே செயலின் படிகளே. முதல் படி இனிமையாக இருப்பதால் அது வேறு ஏதோ ஒன்று என்று தோன்றுகிறது.

ஒரு கணக்கு

50 கிலோ எடையுள்ள ஒரு மாணவன் ஒரு குவார்ட்டர் பிராந்தியை வேகமாகக் குடித்ததாகக் கொள்வோம். உள்ளே போன எத்தனால் சுமார் 61 கிராம். அது உடலில் உள்ள நீர்ப்பகுதியில்தான் பரவும். ஆணுக்கு அது எடையில் சுமார் 68 விழுக்காடு என்று கணக்கிடுவர்; இங்கு 34 கிலோ. 61-ஐ 34-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 1.8 கிராம். அதாவது 100 மி.லி.க்கு ஏறக்குறைய 180 மி.கி. மேலே உள்ள பட்டியலில் இது எந்தப் படி என்று பார்க்கலாம். இந்தியாவில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்துள்ள வரம்பு 30 மி.கி. இது அதைப்போல் ஆறு மடங்கு.

பெண்ணுக்கு உடலின் நீர்ப்பகுதி சுமார் 55 விழுக்காடு என்று கொள்வர். ஆகவே அதே எடையுள்ள ஒரு மாணவியிடம் இதே அளவு மது 220 மி.கி. வரை கொண்டுபோகும்.

அந்த மாணவன் இரவு 11 மணிக்கு 180 மி.கி. நிலையில் படுத்தால், மணிக்கு 15 மி.கி. வீதம் குறைந்து, காலை 8 மணிக்கு இன்னும் 45 மி.கி. மீதம் இருக்கும். தூங்கி எழுந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, வண்டியை எடுக்கும்போதும் அவன் சட்ட வரம்பைத் தாண்டியே இருக்கிறான். "ராத்திரி குடித்தது காலையில் இறங்கிவிடும்" என்பது பல நேரங்களில் பொய்க்கணக்கு. இது விளக்கத்திற்கான தோராயக் கணக்கே. இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று கணக்குப் போடுவதற்கு உதவாது.

பதின்ம வயது மூளையின் தனித்தன்மை

மூளை அளவில் சிறு வயதிலேயே ஏறக்குறைய முழுமை பெற்றுவிடும். ஆனால் அதன் உள்ளமைப்பு இருபதுகளின் நடுப்பகுதி வரை சீரமைக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதிகம் பயன்படாத நரம்பு இணைப்புகள் கழிக்கப்படுகின்றன. பயன்படும் இணைப்புகளின் மீது மயலின் என்னும் கொழுப்புறை படர்ந்து, செய்தி வேகமாகச் செல்ல வழி செய்கிறது. எதைப் பழகுகிறோமோ அது நிலைக்கும், பழகாதது உதிரும். இளமையில் கல்வி சிலையில் எழுத்து என்று முன்னோர் சொன்னதற்கு உடலியல் வழியான பொருள் இதுதான்.

இச்சீரமைப்பு மூளையின் பின்பகுதியில் தொடங்கி முன்பகுதிக்கு வருகிறது. கடைசியாக முதிர்வது, மேலே சொன்ன முன்மூளைப் பகுதியே. இன்பத்தையும் பரபரப்பையும் நாடும் பகுதிகளோ பதின்ம வயதின் தொடக்கத்திலேயே சுறுசுறுப்பாகிவிடுகின்றன. ஆகவே இவ்வயதில் ஆசை முந்துகிறது, நிதானம் பிந்துகிறது. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இடைவெளி இன்னும் அகலும். இது வளர்ச்சியின் இயல்பு. யாருடைய குற்றமும் அன்று. இன்னும் கட்டி முடிக்காத பகுதியை மது முதலில் தாக்குகிறது என்பதுதான் சிக்கல்.

எச்சரிக்கை மணி அடிக்காத வயது

வளர்ந்தவர் ஒருவர் அளவை மீறிக் குடிக்கும்போது உடல் சில எச்சரிக்கைகளைத் தருகிறது. தூக்கம் கண்ணைச் சுழற்றும், கால் தள்ளாடும். பலர் அத்துடன் நிறுத்திக்கொள்கின்றனர்.

சிறுவர்களுக்கு மது கொடுத்து ஆராய்வது அறநெறிக்கு ஒவ்வாதது. ஆகவே இத்துறை ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளில் செய்யப்பட்டவை. அமெரிக்காவில் லிண்டா ஸ்பியர், ஸ்காட் சுவார்ட்ஸ்வெல்டர் முதலிய ஆய்வாளர்கள் இளம் எலிகளையும் முதிர்ந்த எலிகளையும் ஒப்பிட்டனர். எடைக்கு ஏற்ப ஒரே அளவு மது கொடுத்தபோது, இளம் எலிகளுக்குத் தூக்கமும் தள்ளாட்டமும் குறைவாகவே வந்தன. ஆனால் கற்றலிலும் நினைவிலும் ஏற்பட்ட பாதிப்பு இளம் எலிகளிடம் அதிகமாக இருந்தது. மனிதர்களிடம், 21 முதல் 24 வயதினரையும் 25 முதல் 29 வயதினரையும் ஒப்பிட்ட ஓர் ஆய்விலும் இளையவர்களின் நினைவாற்றலே கூடுதலாகப் பாதிக்கப்பட்டது.

இதன் பொருளைச் சிந்திக்க வேண்டும். 'போதும்' என்று சொல்லும் அறிகுறிகள் பதின்ம வயதினருக்கு மெதுவாக வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத சேதம் விரைவாக வருகிறது. "எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் தாங்குவேன்" என்று ஒரு மாணவன் சொன்னால், அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. தோன்றுவது உண்மை நிலையைக் காட்டவில்லை என்பதுதான் ஆபத்து.

நினைவாற்றலும் கல்வியும்

அன்றாட நிகழ்வுகளையும் படித்த பாடத்தையும் நீண்டகால நினைவாக மாற்றித்தரும் பகுதி ஹிப்போகாம்பஸ். மதுவின் அளவு வேகமாக உயரும்போது இப்பகுதி பதிவு செய்வதை நிறுத்திவிடுகிறது. அப்போது அந்த நபர் பேசுவார், நடப்பார், சிலர் வண்டியும் ஓட்டுவர். மறுநாள் எதுவும் நினைவிருக்காது. இது மறதி அன்று. பதிவே ஆகாததை எவ்வளவு முயன்றாலும் நினைவுக்குக் கொண்டுவர முடியாது.

மது அருந்தினால் தூக்கம் சீக்கிரம் வரும் என்பது உண்மைதான். ஆனால் அத்தூக்கத்தில் கனவுநிலை உறக்கம் குறைகிறது. பின்னிரவில் விழிப்பு அடிக்கடி ஏற்படுகிறது. பகலில் படித்ததை மூளை ஒழுங்குபடுத்துவது உறக்கத்தின்போதுதான். ஆகவே வார இறுதியில் குடிக்கும் மாணவர் அந்த இரவை மட்டுமின்றி, அதற்கு முன் படித்ததில் ஒரு பங்கையும் இழக்கிறார்.

பதின்ம வயதில் தொடர்ந்து மிகுதியாகக் குடிப்பவர்களின் மூளையைப் பல ஆண்டுகள் படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில், முன்மூளையின் சாம்பல் நிறப் பகுதி இயல்பைவிட வேகமாகக் குறைவது காணப்பட்டுள்ளது. குடும்பச் சூழல், பிற பழக்கங்கள் ஆகியவற்றின் பங்கையும் ஆய்வாளர்கள் கருத்தில் கொள்கின்றனர்.

மனநலம்

தேர்வுப் பயம், காதல் தோல்வி, வீட்டுச் சண்டை, தனிமை ஆகியவற்றை மறக்கக் குடிப்பதாகக் கூறும் இளைஞர் உண்டு. காபாவின் செயல் மிகுவதால் முதல் ஓரிரு மணி நேரம் பதற்றம் அடங்குவது போலிருக்கும். மது இறங்கும்போது மூளை எதிர்த்திசையில் துள்ளுகிறது. மறுநாள் பதற்றமும் சோர்வும் முன்பைவிடக் கூடுதலாகத் தெரியும். அதைப் போக்க மீண்டும் குடித்தால் சுழல் தொடங்கிவிடும். நாளடைவில் உண்மையான மனச்சோர்வு நோய்க்கும் இது வழிவகுக்கலாம்.

இதில் மிகவும் அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. தற்கொலை எண்ணம் வந்தவரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் அந்த நேரத்து நிதானமே. மது அந்த நிதானத்தைத்தான் முதலில் எடுத்துவிடுகிறது. ஆகவே மனம் உடைந்திருக்கும் ஒருவர் குடிக்கத் தொடங்கினால், அருகில் இருப்போர் அவரைத் தனியே விடக்கூடாது.

சார்பு நிலை

தொடர்ந்து பிரேக் அழுத்தப்பட்டால் மூளை அதற்கு ஈடுகொடுக்கப் பழகுகிறது. காபா ஏற்பிகளின் உணர்திறனைக் குறைத்து, குளூட்டமேட்டின் செயலைக் கூட்டுகிறது. அதனால் முன்பு கிடைத்த அதே போதைக்கு இப்போது கூடுதல் மது வேண்டியிருக்கிறது. இந்நிலையில் மதுவைத் திடீரென நிறுத்தினால், அழுத்தம் நீங்கிய மூளை கட்டுமீறிச் செயல்படும். கை நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, வலிப்பு, இல்லாததைக் காணும் குழப்ப நிலை ஆகியவை ஏற்படலாம். மது ஒரு மந்தமூட்டி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நீண்டகாலம் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

எந்த வயதில் தொடங்கினார் என்பது மிக முக்கியம். அமெரிக்காவில் 1990-களில் நடந்த ஒரு பெரிய தேசியக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வாழ்வில் ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாயினர். 20 வயதிலோ அதன் பிறகோ தொடங்கியவர்களிடம் இது சுமார் 10 விழுக்காடு மட்டுமே. பரம்பரையும் சூழலும் இதில் பங்கு வகித்தாலும், தொடங்கும் வயதைத் தள்ளிப்போடுவது பயன் தரும் என்பதில் வல்லுநர்கள் உடன்படுகின்றனர்.

உயிர் காக்கும் முதலுதவி

மது நச்சு என்பது இரத்தத்தில் மதுவின் அளவு மிகுந்து, மூச்சு, இதயத் துடிப்பு, உடல் வெப்பம் ஆகியவை தளரும் நிலை. பிறந்தநாள் கூட்டம், சுற்றுலா, திருமண வீடு, திருவிழா போன்ற இடங்களில் பந்தயம் கட்டி வேகமாகக் குடிக்கும் இளைஞர்களுக்கு இது நேரலாம்.

அறிகுறிகள்:

- தட்டினாலும் கிள்ளினாலும் விழிக்காமை
- மூச்சு மிக மெதுவாதல் (நிமிடத்திற்கு 8-க்கும் குறைவு), அல்லது இரு மூச்சுகளுக்கிடையே 10 வினாடிக்கு மேல் இடைவெளி
- மயக்க நிலையிலேயே வாந்தி எடுத்தல்
- தோல் சில்லிட்டுப் போதல். உதடும் நகமும் நீலம் பாரித்தல்
- வலிப்பு

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இந்தியாவில் 108, இலங்கையில் 1990. எல்லா அறிகுறிகளும் தோன்றட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மல்லாந்து படுத்திருப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கி அடைத்துவிடும். இயல்பாக இருமலைத் தூண்டி அதைத் தடுக்கும் உணர்வும் அந்நேரம் மந்தமாகியிருக்கும். போர்வை போர்த்தி வெப்பம் காக்க வேண்டும். மூச்சைக் கவனித்துக்கொண்டே உடன் இருக்க வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் அதை ஆம்புலன்ஸ் தொலைபேசியில் உடனே தெரிவித்து, அவர்கள் சொல்லும் முதலுதவியைச் செய்ய வேண்டும். என்ன குடித்தார், எவ்வளவு, மாத்திரை ஏதும் சேர்த்தாரா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மோர், எலுமிச்சைச் சாறு, காபி எதையும் வாயில் ஊற்றக் கூடாது. வாந்தி எடுக்கத் தூண்டக் கூடாது. தலையில் தண்ணீர் ஊற்றுவதும் நடக்க வைப்பதும் பயன் தராது; விழுந்து அடிபடவும் உடல் மேலும் குளிரவும் அவை காரணமாகும்.

"தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவதே உயிரிழப்புகளுக்கு முக்கியக் காரணம். கடைசியாகக் குடித்த மது வயிற்றிலும் குடலிலும் இருக்கும். ஆள் மயங்கிய பிறகும் அது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குத் தெரிந்துவிடும், பள்ளியில் தெரிந்துவிடும் என்று பயந்து நண்பர்கள் ஒளித்து வைக்கின்றனர். திட்டு வாங்குவது ஒரு நாளில் மறந்துபோகும். போன உயிர் திரும்பாது.

கள்ளச்சாராயத்தின் ஆபத்து வேறு வகையானது. அதில் மெத்தனால் கலந்திருந்தால், உடல் அதனை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது பார்வை நரம்பை அழித்து, உயிரையும் பறிக்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு இறந்தனர். குடித்தபின் பார்வை மங்கினாலோ வயிற்றுவலி வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மெத்தனாலுக்கு மாற்று மருந்து உண்டு.

மாணவர்கள் கேட்கும் ஐயங்கள்

குளிருக்கு மது நல்லதா? இல்லை. தோலின் இரத்தக் குழாய்கள் விரிவதால் சூடு போலத் தெரியும். உண்மையில் உடலின் உள்வெப்பம் வெளியேறுகிறது.

எனர்ஜி பானத்துடன் கலந்தால் போதை குறையுமா? குறையாது. காஃபீன் தூக்கத்தை மட்டும் மறைக்கும். இரத்தத்தில் மதுவின் அளவு அப்படியே இருக்கும். எச்சரிக்கை மறைவதால் மேலும் குடிக்கத் தோன்றும்.

தூக்க மாத்திரையுடனோ, வலி மாத்திரையுடனோ, இருமல் மருந்துடனோ சேர்த்தால்? தூக்க மாத்திரைகளும், அபின் வகை வலி நிவாரணிகளும், சில இருமல் மருந்துகளும் மந்தமூட்டிகளே. இரண்டு மந்தமூட்டிகள் சேரும்போது மூச்சு நிற்கும் ஆபத்து பெருகுகிறது.

எல்லோரும் குடிக்கிறார்களே? 2019-இல் வெளியான இந்திய அரசின் தேசிய அளவிலான கணக்கெடுப்பில், 10 முதல் 17 வயதினரில் மது அருந்துவோர் 1.3 விழுக்காடு என்று மதிப்பிடப்பட்டது. குடிப்பவர்கள் கூட்டத்தில் சத்தமாக இருப்பதால் அதிகம் போலத் தெரிகிறது. குடிக்காத மாணவரே மிகப் பெரும்பான்மையினர்.

அளவோடு குடித்தால் உடலுக்கு நல்லதா? பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023-இல் அறிவித்தது. மதுபானங்கள் புற்றுநோயை உண்டாக்குபவை என்று 1988-லேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. 2019-ஆம் ஆண்டில் உலகில் 26 லட்சம் இறப்புகளுக்கு மது காரணமாக இருந்தது.

சட்டம்

தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. இலங்கையிலும் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி வயது வரம்பு 21 ஆகும். இந்தியாவின் இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-இன்படி, மருத்துவர் பரிந்துரையின்றி 18 வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். விருந்தில் விளையாட்டாக ஊற்றிக் கொடுக்கும் உறவினருக்கும் இது பொருந்தும்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185-இன்படி, 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் மதுவுடன் வாகனம் ஓட்டினால், முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு. 18 வயது நிறையாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளர் பொறுப்பாவார்.

பெற்றோர், ஆசிரியர், நண்பர் செய்யக்கூடியவை

பிள்ளை குடித்தது தெரிந்தால், போதையில் இருக்கும்போது விசாரணை வேண்டாம். அந்நேரம் கேட்கும் பகுதி மூளையில் வேலை செய்யாது. பாதுகாப்பாகப் படுக்க வைத்து, மேலே சொன்ன அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, மறுநாள் நிதானமாகப் பேச வேண்டும். எங்கே, யாருடன் என்பதோடு, ஏன் என்பதையும் கேட்க வேண்டும். வீட்டில் பெரியவர் குடித்துக்கொண்டே பிள்ளைக்குச் சொல்லும் அறிவுரை எடுபடாது.

'வேண்டாம்' என்று சொல்ல மாணவர் முன்கூட்டியே பழகிக்கொள்ளலாம். "மாத்திரை சாப்பிடுகிறேன்", "காலையில் பயிற்சி இருக்கிறது" என்று ஒரு வரி போதும். நீண்ட விளக்கம் கொடுத்தால் வாக்குவாதம்தான் வளரும்.

பழக்கம் விடமுடியாத நிலைக்குச் சென்றிருந்தால் அதை ஒழுக்கக்கேடாகக் கருதாமல் நோயாகக் கருதிச் சிகிச்சை பெற வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். இந்தியாவில் கட்டணமின்றி அழைக்கக்கூடிய எண்கள்: போதை மீட்பு உதவி 14446, மனநல உதவி (டெலி மானஸ்) 14416, குழந்தைகள் உதவி 1098. இலங்கையில் சிறுவர் உதவி எண் 1929.

குடித்தவுடன் வரும் துணிவு புதிதாக வந்த துணிவன்று, காவல் போன நிலை என்பதை ஒரு மாணவர் புரிந்துகொண்டாலே போதும். அடுத்த முறை யாரேனும் கோப்பையை நீட்டும்போது, தன் மூளையில் எந்தப் பகுதியை முதலில் கேட்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.